சொல்லித்தான் தெரிய வேண்டும்

ஆட்டிச நிலையினர் இருவர் காதலிக்கிறார்கள். ஒருவர் ஓர் ஊரில், மற்றவர் வேறு ஊரிலோ வேறு நாட்டிலோ இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இந்த உறவு தேறுமா என்று கேட்டால் பெரும்பாலோர் உதட்டைப் பிதுக்குவார்கள். அவர்கள் போடும் கணக்கு எளிமையானது. உணர்வை முகத்தில் காட்டுவதும், பிறர் முகத்திலிருந்து அதைப் படிப்பதும் ஆட்டிச நிலையினருக்குக் கடினம். தொலைவு வந்துவிட்டால் முகமும் இல்லை, தொடுதலும் இல்லை, பக்கத்தில் உட்காருவதும் இல்லை. ஒரு குறையோடு இன்னொரு குறை சேர்ந்தால் மிஞ்சுவது என்ன என்று கேட்பார்கள். இந்தக் கணக்கின் முதல் வரியிலேயே பிழை இருக்கிறது என்பது என் வாதம். தொலைவு இவர்களிடமிருந்து எடுத்துக்கொள்பவற்றில் பல, இவர்களுக்கு எப்போதுமே பாரமாக இருந்தவை. எஞ்சி நிற்பது சொல். அந்தச் சொல்லைப் பூடகமில்லாமல், முன்கூட்டியே பேசி வைத்த ஏற்பாட்டோடு, நேரம் எடுத்துக்கொண்டு பயன்படுத்த இவர்களுக்கு இடம் கொடுத்தால் உறவு நிற்கும். அப்படிச் செய்வதைக் குறைக்கு இட்ட ஒட்டு என்று பார்க்காமல், இவர்களுடைய அன்பின் இயல்பான வடிவம் என்றே நாம் ஏற்க வேண்டும்.

ஐயம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது பயன் தரும். 1943இல் அமெரிக்க மனநல மருத்துவர் லியோ கேனர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பே, உணர்வுத் தொடர்பில் ஏற்படும் ஆட்டிசக் குலைவுகள் என்ற பொருள் தரக்கூடியது. 1985இல் லண்டனில் சைமன் பேரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, யூட்டா ஃபிரித் மூவரும் இரண்டு பொம்மைகளை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பொம்மை வெளியே போயிருந்த நேரத்தில் அதன் கோலிக்குண்டு இடம் மாற்றப்படுகிறது. திரும்பி வரும் பொம்மை அதை எங்கே தேடும் என்பது கேள்வி. ஆட்டிசம் உள்ள 20 குழந்தைகளில் 16 பேர் தவறாகச் சொன்னார்கள். பிறர் மனத்தை ஊகிக்கும் ஆற்றல் இவர்களிடம் இல்லை என்ற முடிவு அதிலிருந்து பரவி, காலப்போக்கில் 'இவர்களுக்குப் பரிவு கிடையாது' என்ற வசைக்கும் இடம் கொடுத்துவிட்டது. 2013இல் வெளிவந்த அமெரிக்க மனநலக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பும், ஆர்வங்களையும் உணர்வுகளையும் குறைவாகப் பகிர்ந்துகொள்வதை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகவே எழுதியிருக்கிறது. இவை எல்லாவற்றிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. தனி மனிதர் ஒருவரை உட்கார வைத்து, அவரிடம் என்ன இல்லை என்று அளந்திருக்கிறார்கள். பெரும்பாலும் குழந்தைகளை அளந்திருக்கிறார்கள். தமிழிலும் ஆட்டிசம் பற்றிய எழுத்து பெரும்பாலும் குழந்தை வளர்ப்பைச் சுற்றியே இருக்கிறது. அந்தக் குழந்தைகள் முப்பது வயதாகிக் காதலிப்பார்கள் என்பது நம் பொதுப் பேச்சில் ஏறவே இல்லை.

உணர்வைத் தெரிவிப்பது இருவர் சேர்ந்து செய்யும் காரியம். அதில் தடை வந்தால் ஒருவர் தலையில் மட்டும் பழியைப் போட முடியாது. இதைத் தெளிவாக முன்வைத்தவர் தாமே ஆட்டிச நிலையினரான பிரிட்டிஷ் சமூகவியலாளர் டேமியன் மில்டன். 2012இல் அவர் எழுதிய கட்டுரை இதற்கு 'இரட்டைப் பரிவுச் சிக்கல்' என்று பெயரிட்டது. ஆட்டிச நிலையினர் மற்றவர்களைப் புரிந்துகொள்ளத் தடுமாறுவதுபோல, மற்றவர்களும் ஆட்டிச நிலையினரைப் புரிந்துகொள்ளத் தடுமாறுகிறார்கள். ஆனால் பின்னதை யாரும் நோய்க்குறி என்று எழுதுவதில்லை. இதைச் சோதிக்க எடின்பரோவில் கேத்தரின் கிராம்ப்டன் குழுவினர் 72 பேரை எட்டெட்டுப் பேர் கொண்ட சங்கிலிகளாக நிறுத்தி, ஒருவர் சொன்ன கதையை அடுத்தவருக்குச் சொல்ல வைத்தார்கள். 2020இல் வந்த முடிவின்படி, ஆட்டிச நிலையினர் மட்டுமே இருந்த சங்கிலியில் கதை, மற்றவர்கள் மட்டுமே இருந்த சங்கிலியில் போலவே நன்றாகப் பயணித்தது. இருவகையினரும் கலந்திருந்த சங்கிலியில்தான் விரைவாகத் தேய்ந்தது. 311 பேரை வைத்து நடந்து 2025இல் வெளியான பெரிய ஆய்வில் கலப்புச் சங்கிலியின் அந்தத் தேய்வு மீண்டும் தென்படவில்லை. மூவகைச் சங்கிலிகளும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. ஆகவே முதல் ஆய்வை வைத்துக்கொண்டு 'ஆட்டிச நிலையினருக்கு ஆட்டிச நிலையினரோடு மட்டும்தான் ஒத்துப்போகும்' என்று முழங்குவது சரியல்ல. ஆனால் என் வாதத்துக்குத் தேவையான பகுதி இரண்டிலும் மாறாமல் நிற்கிறது: ஆட்டிச நிலையினர் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும்போது செய்தி கெட்டுப்போவதில்லை.

தொலைவு என்ன செய்கிறது என்பதற்கு வருகிறேன். 2017இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் வளாகத்தில் நோவா சாசனும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட முடிவு இங்கே மிகவும் முக்கியம். ஆட்டிச நிலையினர் பேசும் சில விநாடிக் காட்சிகளை மற்றவர்களுக்குக் காட்டினார்கள். அந்தக் குறுகிய நேரத்துக்குள்ளேயே பார்த்தவர்கள் அவர்களைக் குறைவாக மதிப்பிட்டார்கள். அவர்களோடு பழக விருப்பமில்லை என்றார்கள். அதே பேச்சை எழுத்து வடிவில் மட்டும் கொடுத்தபோது அந்தப் பாகுபாடு மறைந்துபோனது. ஆட்டிச நிலையினர் சொன்ன விஷயத்தில் குறை இல்லை; குரலின் ஏற்ற இறக்கமும் முகமும் உடல் அசைவும் எதிர்பார்த்த மாதிரி இல்லாததுதான் பார்த்தவர்களைத் தள்ளி நிறுத்தியது. எழுத்து அந்தத் திரையை விலக்குகிறது. ஆட்டிச நிலையினரும் இதை அனுபவத்தில் அறிந்திருக்கிறார்கள். பிலிப்பா ஹோவர்டும் ஃபெலிசிட்டி செட்ஜ்விக்கும் 245 ஆட்டிச நிலைப் பெரியவர்களிடம் கேட்டு 2021இல் வெளியிட்ட பிரிட்டிஷ் ஆய்வில், தொலைபேசிப் பேச்சு பிடிக்காதவற்றின் வரிசையில் முன்னே நின்றது. எழுத்து வழித் தொடர்பை மக்கள் விரும்பினார்கள். யோசிக்க நேரம் கிடைக்கிறது, எழுதியதைத் திருத்த முடிகிறது, புரியாததைத் திரும்பப் படிக்க முடிகிறது. வீடியோ அழைப்பு இதற்கு நேர்மாறானது. கண்களைப் பார்க்கும்படி கட்டாயப்படுத்தினால் ஆட்டிச நிலையினரின் மூளையில் உணர்ச்சித் தூண்டலோடு தொடர்புள்ள பகுதிகள் அளவுக்கு மீறிக் கிளர்கின்றன என்று நுஷின் ஹட்ஜிகானியின் குழு 2017இல் காட்டியது. கண்ணைப் பார்க்காமல் இருப்பதை அக்கறையின்மை என்று படிக்கிறவர்கள், தாங்க முடியாத வெளிச்சத்திலிருந்து முகம் திருப்பும் ஒருவரைத் தவறாகப் படிக்கிறார்கள்.

இதோடு நிறுத்தினால் படம் அழகாக இருக்கும், உண்மையாக இருக்காது. ஆட்டிச நிலையினர் இருவர் என்றால் ஒருவர் உணர்வு மற்றவருக்குத் தானாகவே விளங்கிவிடும் என்ற இனிப்பான நம்பிக்கை இப்போது ஊடகங்களில் பரவிவருகிறது. அதற்கு ஆதாரம் போதாது. 2016இல் ரெபெக்கா புரூவரும் சக ஆய்வாளர்களும் நடத்திய சோதனையில், ஆட்டிச நிலையினர் முகத்தில் காட்டிய உணர்வுகளை மற்றவர்கள் மட்டுமல்ல, பிற ஆட்டிச நிலையினரும் சரியாக அடையாளம் காணத் தடுமாறினார்கள். அவரவர் முகபாவம் அவரவருக்கே உரியதாக இருந்தது. பொதுவான ஆட்டிச முகமொழி என்று ஒன்று தென்படவில்லை. ஆகவே கண்ணாலேயே பேசிக்கொள்ளும் காதலை இவர்களுக்கு வாக்களிப்பதில் பொருளில்லை. ஒரே அறையில் இருந்தாலும் இவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.

சொல்வதிலோ இன்னொரு முடிச்சு இருக்கிறது. தனக்குள் எழும் உணர்வு எது என்று அடையாளம் காண முடியாத நிலைக்கு அலெக்சிதைமியா என்று பெயர். 1970களின் தொடக்கத்தில் பாஸ்டனில் பணியாற்றிய மனநல மருத்துவர் பீட்டர் சிஃப்னியோஸ் உருவாக்கிய சொல் இது. இது ஆட்டிசம் அல்ல. ஆட்டிசம் இல்லாதவர்களிடமும் உண்டு. ஆனால் பல ஆய்வுகளைத் தொகுத்து லண்டனில் எமிலி கின்னேர்டும் சக ஆய்வாளர்களும் 2019இல் வெளியிட்ட கணக்கின்படி, ஆட்டிச நிலையினரில் ஏறத்தாழ 50 விழுக்காட்டினரிடம் இது இருக்கிறது. மற்றவர்களிடம் 5 விழுக்காடுதான். ஆட்டிசத்தின் மேல் ஏற்றப்பட்ட உணர்ச்சிக் குறைகள் பலவும் உண்மையில் இதனுடையவை என்று ஜெஃப் பேர்டும் ரிச்சர்ட் குக்கும் 2013இலேயே வாதிட்டார்கள். இது அன்றாட வாழ்வில் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். நெஞ்சு படபடக்கிறது, வயிறு பிசைகிறது, கை சில்லிடுகிறது. அது பயமா, பசியா, கோபமா, எதிர்பார்ப்பா என்று உடனே தெரிவதில்லை. தெரியவரும்போது பல மணி நேரம் கடந்திருக்கும். சிலருக்குப் பல நாள். இப்போது மறுமுனையில் இருப்பவர், 'என்ன ஆச்சு? என்ன நினைக்கிறே?' என்று கேட்கிறார். நேர்மையான பதில் 'தெரியல' என்பதுதான். வழக்கமான காதல் இலக்கணத்தில் 'தெரியல' என்பது மறைக்கிறார் என்பதற்கோ ஒதுங்குகிறார் என்பதற்கோ அடையாளம். கேட்டவரும் ஆட்டிச நிலையினர். பள்ளியிலிருந்து வேலையிடம் வரை ஒதுக்கப்பட்டே பழகியவராக இருக்க வாய்ப்பு அதிகம். அவர் மனம் ஒதுக்கப்படுதலை முதலில் எதிர்பார்க்கும். இருவருமே பொய் சொல்லவில்லை, இருவரிடமும் அன்புக்குக் குறைவில்லை, ஆனாலும் உறவில் விரிசல் விழுந்துவிடுகிறது.

மௌனம் இதைவிடக் கடுமையான சிக்கல். ஒரே வீட்டில் இருப்பவர் பேசாமல் இருந்தால் அவர் ஓவியம் வரைந்துகொண்டிருக்கிறார், தூங்குகிறார், தலைவலியால் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருக்கிறார் என்று கண்ணுக்குத் தெரியும். தொலைவில் எல்லா மௌனமும் ஒரே மாதிரி இருக்கும். ஆட்டிச நிலையினரின் கவனம் ஒரே நேரத்தில் மிகச் சில ஆர்வங்களில் மட்டும் ஆழமாகப் பாய்கிறது என்ற விளக்கத்தை டைனா மரே, மைக் லெஸ்ஸர், வென் லாசன் மூவரும் 2005இல் முன்வைத்தார்கள். அப்படி ஒன்றில் மூழ்கியிருப்பவருக்கு நாள் முழுக்கத் தொலைபேசி இருப்பதே நினைவில் இருக்காது. இரைச்சலும் கூட்டமும் நிறைந்த நாளின் முடிவில், பேச்சே வராமல் அடைத்துப்போவதும் உண்டு. நாள் முழுவதும் அலுவலகத்தில் மற்றவர்களைப்போல நடித்து ஓய்ந்த பிறகு வரும் களைப்பு வேறு வகை. கோபத்தால் வரும் மௌனமும் இருக்கத்தான் செய்கிறது. இந்த நான்கையும் பிரித்தறிய, பேசாமல் இருப்பவரின் உதவி இல்லாமல் எவராலும் முடியாது. ஊகிக்கும் திறமை மிக்கவர்களாலும் முடியாது. கப்பலில் வேலைக்குப் போன கணவனின் ஒரு வாரப் பேச்சின்மையை எந்த மனைவியும் ஊகித்து நிம்மதி அடைந்ததில்லை.

எனவே ஊகத்தை நம்பாத ஏற்பாடு தேவைப்படுகிறது, அதை அமைதியாக இருக்கும் நாளில் இருவரும் சேர்ந்து செய்துகொள்ள வேண்டும். சண்டையின் நடுவே விதி எழுத முடியாது. 'இன்னைக்குப் பேச்சு வரல. உன்மேல கோபம் இல்ல. நாளைக்குக் காலையில எழுதறேன்' என்ற மூன்று வரியைத் தயாராக எழுதி வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது அப்படியே அனுப்பிவிடலாம். அதை அனுப்பும் நேரத்தில் புதிதாகச் சொல் தேட வேண்டியதில்லை. அதுவும் முடியாத நாளுக்கு ஒரு நிறமோ எண்ணோ போதும் என்று பேசி வைக்கலாம். உணர்வின் பெயரைக் கேட்பதற்கு முன் உடலைக் கேட்பது அலெக்சிதைமியா உள்ளவருக்குப் பெரிய உதவி: சாப்பிட்டாயா, தூங்கினாயா, நெஞ்சு இறுக்கமாக இருக்கிறதா, இரைச்சலில் இருந்தாயா. பதில் மூன்று நாள் கழித்து வரலாம் என்ற அனுமதியும், வரும் என்ற உறுதியும் சேர்ந்தே இருக்க வேண்டும். அனுமதி மட்டும் இருந்தால் காத்திருப்பவர் தவிப்பார், உறுதி மட்டும் இருந்தால் சொல்ல வேண்டியவர் நெருக்கடியில் எதையாவது சொல்லிவைப்பார். மனக்குறையைக் கொட்டும்போது, தீர்வு வேண்டுமா, காது கொடுத்துக் கேட்டால் மட்டும் போதுமா என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுவது பல சண்டைகளைத் தடுக்கும். ஆட்டிச நிலையினர் பலர் அன்பைச் செயலாகக் காட்டும் வழிகளையும் அன்பென்றே எண்ணிக்கொள்ள வேண்டும். பழைய ரயில் கால அட்டவணையின் படம், ஒரு பூச்சியின் நிழற்படம், நீண்ட விளக்கம் ஒன்று வந்து சேரும். பென்குயின்கள் இணைக்குக் கூழாங்கல் கொண்டுவந்து கொடுப்பதை நினைத்து இதற்குக் கூழாங்கல் என்ற பெயரையே ஆட்டிச நிலையினர் வழங்குகிறார்கள். கண்டதும் உன் நினைவு வந்தது என்பதுதான் அதன் செய்தி. அதேபோல வீடியோவைத் திறந்து வைத்துவிட்டு, பேசாமல், திரையைப் பார்க்காமல், ஒருவர் தைக்க மற்றவர் படிக்க இரண்டு மணி நேரம் இருப்பதும் சேர்ந்திருப்பதுதான்.

இதைக் கேட்டதும் எழும் முதல் மறுப்பு எனக்குத் தெரியும். எண், நிறம், எழுதி வைத்த வரி என்றெல்லாம் வந்துவிட்டால் காதல் அலுவலகப் படிவம் ஆகிவிடாதா? தானாக ஊறி வருவதல்லவா அன்பு? இந்த மறுப்பை எளிதாகத் தள்ளக் கூடாது. 'சொல்லாமலே புரிந்துகொண்டார்' என்பதை நாம் அன்பின் உச்சமாக வைத்திருக்கிறோம். கேட்டுப் பெறும் அன்புக்கு மதிப்புக் குறைவு என்ற எண்ணம் நம் வீடுகளில் ஆழமாக ஊன்றியிருக்கிறது. ஆனால் தொலைவு என்று வந்தபோது நம்முடைய மரபே வேறு வழியில்தான் நடந்திருக்கிறது. பிரிந்தவருக்குச் செய்தி சொல்லி அனுப்புவதைத் தூது என்று தனி இலக்கிய வகையாகவே வளர்த்திருக்கிறோம். அதில் சொல்பவர் தன் நிலையை ஒளிக்காமல் விரித்துச் சொல்வார். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போனவர்கள் காலத்திலிருந்து கடிதம் என்றால் 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கும். ஆயிரமாயிரம் பேர் எழுதிய அதே வரிதான். வாசித்த எந்தத் தாயும் மனைவியும் இது அச்சடித்த அன்பு என்று தூக்கி எறியவில்லை. வரி பழகியதாக இருந்ததால், எழுதுகிறவர் தொடங்கத் தயங்கவில்லை. படிக்கிறவர் முதல் நொடியிலேயே மூச்சு விட்டார். முன்பே ஒத்துக்கொண்ட வாசகம் உணர்வைக் கொல்வதில்லை, உணர்வு வந்து சேர வழி செய்கிறது. இன்னும் சொன்னால், தானாக வருவதாக நாம் நினைக்கும் பாவனைகளும் சிறு வயதிலிருந்து பார்த்துப் பழகியவையே. பெரும்பான்மையினர் பேசாமலே ஒத்துக்கொண்ட விதிகளை இயல்பு என்கிறோம். இருவர் பேசி ஒத்துக்கொண்ட விதியைச் செயற்கை என்கிறோம். இரண்டாவதில் கூடுதல் உழைப்பும் கூடுதல் அக்கறையும் இருக்கின்றன என்றே நான் கருதுகிறேன்.

இரண்டாவது மறுப்பு எழுத்தைப் பற்றியது. எழுத்தில் தொனி இல்லை; தவறான புரிதலுக்கு அதுதானே ஊற்று? உண்மை. 2005இல் ஜஸ்டின் க்ரூகரும் நிக்கோலஸ் எப்லியும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட சோதனைகளில், மின்னஞ்சலில் எழுதிய கேலியைப் படித்தவர்கள் கேலி என்று கண்டுகொண்டது நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதற்குச் சற்றே மேலான அளவில்தான். எழுதியவர்களோ நாலில் மூன்று முறைக்கு மேல் புரிந்துவிடும் என்று நம்பியிருந்தார்கள். இந்த ஆய்வு பொதுவான கல்லூரி மாணவர்களைப் பற்றியது என்பதைக் கவனிக்க வேண்டும். குறிப்பால் உணர்த்துவதில் தேர்ந்தவர்களாகக் கருதப்படுகிறவர்களே எழுத்தில் தங்கள் குறிப்பு போய்ச் சேரும் என்று தவறாக நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை இல்லாதவர்களுக்கு இங்கே ஒரு சாதகம் உண்டு. 'இது விளையாட்டுக்குச் சொன்னது', 'இதைக் கவலையோடு கேட்கிறேன், குற்றம் சொல்லவில்லை' என்று தொனியையும் சேர்த்து எழுத இவர்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. வரிக்கு வரி உள்ள பொருளை மட்டும் எடுத்துக்கொள்வோம், வரிகளுக்கு இடையே தேட மாட்டோம் என்று இருவரும் வாக்குக் கொடுத்துக்கொண்டால், எழுத்தின் குறைபாட்டில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். அந்த வாக்கைக் காப்பாற்றுவது எளிதல்ல. சந்தேகம் வரும் நேரத்தில் 'இதற்கு வேறு பொருள் உண்டா' என்று கேட்பதும், கேட்டதற்காகக் கோபிக்காமல் இருப்பதும் அதன் பகுதி.

மூன்றாவது மறுப்புக்கு நான் பாதி இணங்குகிறேன். எழுத்திலேயே வாழும் காதல், நேரில் சந்திப்பதிலிருந்து தப்பிக்கும் வழியாகிவிடும், அதில் மனிதரைக் காதலிக்காமல் அவரைப் பற்றிய கற்பனையைக் காதலிக்க நேரும் என்கிறார்கள். கிரிஸ்டல் ஜியாங்கும் ஜெஃப்ரி ஹான்காக்கும் 63 காதல் இணைகளின் நாட்குறிப்புகளை வைத்து 2013இல் காட்டியது இரு பக்கமும் வெட்டுகிறது: பிரிந்திருப்பவர்கள் தம் மனத்தை அதிகமாகத் திறந்து பேசுகிறார்கள், நெருக்கத்தையும் அதிகமாக உணர்கிறார்கள், கூடவே ஒருவரையொருவர் உயர்த்தியும் நினைத்துக்கொள்கிறார்கள். லாரா ஸ்டாஃபோர்டும் சக ஆய்வாளர்களும் 2006இல் வெளியிட்ட ஆய்வின்படி, தொலைவிலிருந்து ஒரே ஊருக்கு வந்து சேர்ந்த காதலர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் மூன்றே மாதங்களில் பிரிந்தார்கள். இவை ஆட்டிச நிலையினரை மட்டும் பற்றிய ஆய்வுகள் அல்ல. எல்லாருக்கும் உள்ள இடர். ஆட்டிச நிலையினருக்கு இதில் உடல் சார்ந்த ஒரு பகுதி கூடுகிறது. எழுத்தில் மணம் இல்லை, மின்விசிறிச் சத்தம் இல்லை, மெல்லும் ஒலி இல்லை. லேசான வருடல் சிலருக்கு எரிச்சலூட்டும், இறுக்கமான அணைப்புதான் அமைதி தரும். ஆட்டிச நிலையினரான டெம்பிள் கிராண்டின் தனக்கென அழுத்தம் தரும் கருவியை இளம் வயதிலேயே வடிவமைத்துக்கொண்டது இந்தத் தேவையால்தான். இவற்றையெல்லாம் நேரில் கண்டு அதிர்ச்சி அடைய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உணர்வைச் சொல்லப் பழகிய அதே எழுத்தில் இவற்றையும் முன்பே சொல்லிவிடலாம்: எந்த வாசனை ஒத்துக்கொள்ளாது, எத்தனை மணி நேரத் தனிமை வேண்டும், எந்தத் தொடுதல் வேண்டாம், விளக்கு எப்படி இருக்க வேண்டும். முதல் சந்திப்பைக் குறுகியதாக வைத்துக்கொண்டு, தனித்தனி அறையும் திரும்பிப் போகும் வழியும் உறுதி செய்துகொள்வது அன்பின்மை ஆகாது. எழுதாமல் விட்டதுதான் கற்பனைக்கு இடம் தருகிறது.

வேறு எச்சரிக்கைகள் உண்டு. அவற்றைக் கடந்து போகாமல் சொல்ல வேண்டும். நான் இங்கே சுட்டிய ஆய்வுகளில் பெரும்பாலானவை எழுதப் படிக்கத் தெரிந்த, மேலை நாட்டுப் பெரியவர்களைப் பற்றியவை. பேசாத, எழுதாத, படங்களாலோ கருவியாலோ தொடர்புகொள்ளும் ஆட்டிச நிலையினர் ஏராளம். அவர்களுக்கும் இதே கொள்கை பொருந்தும் என்றாலும் வடிவம் வேறாக இருக்கும். மூன்றாம் மனிதர் ஒருவரின் துணை தேவைப்படும்போது அந்தரங்கம் காக்கப்பட வேண்டும். இன்னொன்று: சொன்னதை அப்படியே நம்புகிறவரை ஏமாற்றுவது எளிது. ஆட்டிச நிலையினர் பணத்துக்காகவும் உடலுக்காகவும் சுரண்டப்படும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம், தொலைவு அதை மறைக்கவும் செய்யும். பேசி வைத்த ஏற்பாடும் கெட்ட கையில் கண்காணிப்பாகிவிடும். 'உன் எண்ணை இன்னும் அனுப்பவில்லையே' என்று மணிக்கு ஒருமுறை கேட்டால் அது அன்பு விசாரிப்பு அல்ல, விலங்கு. ஆகவே எந்த ஏற்பாட்டிலும் முதல் வரி, 'இதை நான் எப்போது வேண்டுமானாலும் மாற்றவோ நிறுத்தவோ கேட்கலாம்' என்பதாக இருக்க வேண்டும். நம்பகமான ஒரு நண்பரோ உறவினரோ இந்த உறவைப் பற்றி அறிந்திருப்பதும் நல்லது.

இத்தனைக்குப் பிறகும் இந்த உறவுகள் மீது ஐயம் கொள்வோருக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு சான்று. ஆட்டிச நிலைப் பெரியவர்கள் 229 பேரை வைத்து சாண்ட்ரா ஸ்ட்ருன்ஸ் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், 73 விழுக்காட்டினருக்குக் காதல் உறவில் இருந்த அனுபவம் உண்டு. காதல் உறவே வேண்டாம் என்றவர்கள் 7 விழுக்காட்டினர்தான். தன் துணையும் ஆட்டிச நிலையினராக இருந்தவர்கள், அப்படி அல்லாதவர்களைவிட உறவில் கூடுதல் நிறைவு கொண்டிருந்தார்கள். ஒரே ஆய்விலிருந்து சட்டம் வகுக்க முடியாது. ஆனால் ஒரு குறையோடு இன்னொரு குறை சேர்ந்தால் இரட்டைக் குறை என்ற கணக்குக்கு இது நேர் எதிராக நிற்கிறது.

ஆகவே மாற வேண்டிய இடம் வேறு. இணையர் ஆலோசனைக்கு வரும் இத்தகைய இருவரிடம் பல ஆலோசகர்கள் கொடுக்கும் முதல் பயிற்சி, தினமும் வீடியோவில் கண் பார்த்துப் பேசுங்கள், உணர்வை உடனுக்குடன் வெளிப்படுத்துங்கள் என்பதாக இருக்கிறது. இது அவர்களை நடிக்கச் சொல்வது. பொய் முகம் அணிந்து காலம் தள்ளும் ஆட்டிச நிலையினருக்குத் தற்கொலை எண்ணம் அதிகம் என்பதைச் சாரா காசிடி குழுவினர் 2018இல் பிரிட்டனில் கண்டார்கள். உலகத்தின் முன் அணியும் முகமூடியைக் காதலிலும் கழற்ற முடியாமல் செய்வது பெரும் தீங்கு. கேள்விகளை முன்பே எழுத்தில் அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்கி, இருவரும் ஏற்கெனவே எப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள் என்று கேட்டு அதை வலுப்படுத்துவது ஆலோசகரால் இயலாத காரியமல்ல. குடும்பங்களுக்கும் இதில் பங்கு உண்டு. நம் வீடுகளில் அன்பின் அளவுகோல் தொலைபேசி: எத்தனை முறை கூப்பிட்டான், எவ்வளவு நேரம் பேசினாள், குரல் எப்படி இருந்தது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரிக்கும் 21 நிலைகளில் ஆட்டிசமும் ஒன்று. அந்தச் சட்டம் குடும்ப வாழ்வுக்கான உரிமையையும் பேசுகிறது. பெரியவராகிவிட்ட மகனோ மகளோ தன் துணையோடு நாளுக்கு நாற்பது செய்திகள் எழுதிக்கொண்டு, ஒருமுறைகூடக் கூப்பிடாமல் இருந்தால், அது பேச்சுவார்த்தை முறிந்த உறவு அல்ல என்பதைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். நாளை அவர்கள் ஒரே வீட்டில் வாழ வந்த பிறகும், கடினமான விஷயத்தைப் பக்கத்து அறையிலிருந்து எழுதித்தான் சொல்லிக்கொள்வார்கள் என்றால், அதை விட்டொழிக்க வேண்டிய பழக்கமாக யாரும் திருத்தப் போக வேண்டாம்.